ஓர் இரவும் அறுபது ஆண்டுகளும்

தருமபுரி மாவட்டத்துப் பள்ளிவாசல் ஜமாஅத்துகளின் இளைஞர்களுக்கு,



போன ரமலானில், பிறை பதினெட்டோ பத்தொன்பதோ, தராவீஹ் முடிந்து ஒளு செய்யும் தொட்டியருகே உட்கார்ந்திருந்தோம். உங்களில் ஐந்தாறு பேர் இருந்தீர்கள். பாதிப் பேர் என்னிடம் எட்டாம் வகுப்பில் வரலாறு படித்தவர்கள். ஒரு தம்பி கைப்பேசியில் காணொளி காட்டினான். எல் சால்வடோர் நாட்டுச் சிறை. தலை மழிக்கப்பட்ட ஆட்கள் முதுகு தெரியக் குனிந்து, ஒருவர் பின்னால் ஒருவராக நெருக்கி உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். "இப்படி ஒருத்தன் நமக்கும் வந்தா எவன் சார் நம்ம மேல கை வைப்பான்? ஓட்டு, சட்டசபை, கோர்ட்டு எல்லாம் வீண். உயிருக்கு உத்தரவாதம் இருந்தா போதும்" என்றான். பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். "அதுவரைக்கும் நம்ம தெருவோட இருந்துக்கணும் சார். மத்தவங்க சகவாசமே வேணாம். மஃரிபுக்கு வாசல்ல குழந்தைய தூக்கிட்டு வந்து நிக்கிறாங்களே, அதையும் நிறுத்தணும். மார்க்கத்துல இல்லாதது."

அன்று நான் பதில் சொல்லவில்லை. சஹருக்கு எழ வேண்டும் என்று சாக்குச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் வாயை மூடிக்கொண்டு வந்தது தவறு. அந்தத் தவறைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன். அந்த இருவருக்கு மட்டும் எழுதினால் போதாது. பாலக்கோட்டிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் இதே பேச்சு நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பயம் பொய்யில்லை. இந்த மாவட்டத்தில் நாம் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருக்கிறோம். வடக்கே எங்கோ ஒரு ஊரில் நடப்பது அரை மணி நேரத்தில் உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. உயிர் பயத்தோடு இருப்பவனிடம் அரசியல் சட்டத்தைப் படித்துக் காட்டினால் அவன் காதில் ஏறாது. நாம் தொழுகையில் அடிக்கடி ஓதும் குறைஷ் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். பசிக்கு உணவும் அச்சத்திலிருந்து அபயமும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. அச்சமில்லாமல் உறங்குவது சோற்றுக்குச் சமமான தேவை என்பதை நம் மார்க்கம் அன்றே சொல்லிவிட்டது. அதனால் பாதுகாப்பைக் கேட்கிறவனைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அதை யாரிடம், எதை விலையாகக் கொடுத்துக் கேட்கிறோம் என்பதில்தான் என் கவலை.

உங்கள் எண்ணம் புதிதும் இல்லை. ஆட்சியில்லாத ஓர் இரவைவிடக் கொடுங்கோலனின் அறுபது ஆண்டுகள் மேல் என்று ஒரு பழைய சொல் நம் அறிஞர்களிடையே புழங்கியது. அதை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் இப்னு தைமிய்யா. அவர் ஏன் சொன்னார் என்பது அவர் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். மங்கோலியர்கள் பக்தாதை அழித்தது 1258இல். இவர் ஹர்ரானில் பிறந்தது 1263இல். ஆறேழு வயதில், மங்கோலியப் படைக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஊரை விட்டு ஓடி டமாஸ்கஸ் வந்து சேர்ந்த பிள்ளை அவர். அப்படி ஓடிவந்த பிள்ளைக்கு, வாசலில் வாளோடு யாராவது நின்றால் போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அவருடைய முடிவையும் படியுங்கள். கப்ருகளை நாடிப் பயணம் போவது பற்றி அவர் கொடுத்த ஃபத்வா ஆட்சியில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1326இல் டமாஸ்கஸ் கோட்டையில் அடைத்தார்கள். கடைசியில் எழுதுகோலையும் மையையும் தாளையும்கூடப் பறித்துக்கொண்டார்கள். 1328இல் அந்தக் கோட்டைச் சிறையிலேயே இறந்தார். தர்காவுக்குப் போகக் கூடாது என்று அவர் பெயரைச் சொல்லி வாதாடும் தம்பிகளே, அவர் எந்தச் சிறையில், யாருடைய சிறையில் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓர் இரவுக்குப் பயந்தவர், அறுபது ஆண்டுகளில் ஒரு பங்கைத் தானே அனுபவித்தார்.

எல் சால்வடோர் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். குற்றக் கும்பல்களை ஒடுக்க 2022 மார்ச்சில் அங்கே நெருக்கடிநிலை கொண்டுவந்தார்கள். கொலைகள் குறைந்தது உண்மை. மக்கள் மகிழ்ந்து அதே அதிபருக்கு 2024இல் மறுபடி ஓட்டுப் போட்டதும் உண்மை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதில் எந்தக் கும்பலையும் சேராதவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தாய்மார்கள் சிறை வாசலில் நிற்கிறார்கள். நீங்கள் அந்தக் காணொளியைப் பார்க்கும்போது உங்களை எங்கே நிறுத்திப் பார்த்தீர்கள்? தடியோடு நிற்கும் காவலன் இடத்திலா, குனிந்து உட்கார்ந்திருப்பவன் இடத்திலா? நூற்றுக்கு மூன்று பேராக இருக்கும் நமக்கு அதில் எந்த இடம் கிடைக்கும்?

இதற்குப் பதில் தேடக் கடல் தாண்ட வேண்டாம். நம் மாவட்டத்திலேயே, அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டைக் கடத்தலை ஒழிக்கிறோம் என்றுதான் வந்தார்கள். வீரப்பனின் பெயர் நாடெங்கும் பேசப்பட்ட காலம். காடு காக்கப்பட வேண்டும், சட்டம் ஒழுங்கு நிலைக்க வேண்டும் என்று நாளிதழ் படிக்கிறவர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொன்னேன். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று மூன்று துறை ஆட்களும் ஊருக்குள் புகுந்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளிக்குப் போகும் வயதுச் சிறுமியும் உண்டு. வீடுகளை இடித்தார்கள். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். கிணற்றைப் பாழாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை, குழந்தைகள் உட்பட, சிறைக்குக் கொண்டு போனார்கள்.

கிணற்றைப் பற்றி ஒரு நிமிடம் யோசியுங்கள். சந்தனக்கட்டை கிணற்றுத் தண்ணீரிலா இருக்கிறது? ஒரு ஊர் மறுபடி எழுந்து உட்காரக் கூடாது என்று நினைப்பவன்தான் குடிதண்ணீரைக் கெடுப்பான். கேள்வி கேட்க யாரும் இல்லை என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பாதுகாப்பு கொடுக்க வந்தவன் கை கிணறு வரை நீளும்.

அன்றைய அரசு எதுவுமே நடக்கவில்லை என்று மறுத்தது. புகாரை வாங்கக்கூட ஆளில்லை. பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். மலைவாழ் மக்கள் சங்கம் கிராமத்துக்குள் போனது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.நல்லசிவன் நீதிமன்றத்துக்குப் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்திலிருந்து பாமதி என்ற அதிகாரி நேரில் வந்து, நடந்தது நடந்ததுதான் என்று அறிக்கை கொடுத்தார். 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பெண்கள் கூண்டில் ஏறி, பெரிய வக்கீல்களின் குறுக்கு விசாரணையை வருடக்கணக்கில் தாங்கினார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று நம் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு. அன்று நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே நின்றேன். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஒருவர்கூடத் தப்பவில்லை. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றமும் உறுதியானது. மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி, சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பி.வேல்முருகன் அத்தனை மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 1992இல் மாவட்டத்தில் ஆட்சியராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னார்.

முப்பத்தொரு வருடம். இது மிகவும் அதிகம், நானே சொல்கிறேன். தாமதமான நீதியால் அந்தப் பெண்களின் இளமை திரும்பி வராது. ஆனாலும் கேட்கிறேன். எல் சால்வடோர் அதிபர் மாதிரி ஒருவர் அன்று சென்னையில் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் எங்கே போய்ச் சொல்லியிருப்பார்கள்? வீண் என்று நீங்கள் சொன்ன அந்தக் கோர்ட்டு, கட்சி, சங்கம், ஆணையம், பத்திரிகை என்று எல்லாவற்றையும் பற்றிக்கொண்டுதான், கையில் காசில்லாத நம் மாவட்டத்துப் பெண்கள் அரசுப் பணியில் இருந்த 215 பேரைக் கூண்டில் நிறுத்தினார்கள்.

"வாச்சாத்தியில நம்மாளு யாரும் இல்லையே சார்" என்று ஒரு தம்பி முன்பு கேட்டிருக்கிறான். இல்லைதான். நம்மவர் அங்கே போகவும் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி எரிந்தபோதும் அப்படித்தான். ஒரு பையனும் பெண்ணும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று இடங்களிலும் இருநூறுக்கும் அதிகமான தலித் வீடுகளைக் கொளுத்தினார்கள், சூறையாடினார்கள். சாதியைக் காப்பாற்றுகிறோம் என்பதுதான் கொளுத்தியவர்களின் வாதம். அவர்களும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். அந்த மக்களிடம் ஓட்டு இருந்தது. அவர்களுக்கென்று எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் இருந்தார்கள். அந்த மாலை எதுவும் காப்பாற்றவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களிடம் ஜனநாயகம் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் தருமபுரியிலிருந்து நத்தம் எவ்வளவு தூரம்? மறுநாள் அங்கே அரிசி மூட்டையோடு போய் நின்றிருக்க வேண்டிய நம் ஜமாஅத்துகளில் எத்தனை போயின? நான் போகவில்லை. "அது அவங்க சாதிப் பிரச்சினை" என்று இருந்துவிட்டேன். அவர்கள் தெரு எரியும்போது நாம் நம் தெருவோடு இருந்தால், நம் தெருவுக்கு ஒன்று வரும்போது யார் வருவார்கள்?

சட்டம் கைவிட்டது, நம் பாதுகாப்பை நாமே பார்த்துக்கொள்வோம் என்று கிளம்பியதும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. கோவையில் 1997 நவம்பரில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதற்கு அல்-உம்மா அமைப்பினர் கொடுத்த பதில் 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகள். 58 பேர் செத்தார்கள். அந்தக் குண்டுகளால் எந்த முஸ்லிம் வீடு பத்திரமானது? கோவையில் நம்மவர் கடைகள் போயின, வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனது, எத்தனையோ பிள்ளைகளின் இளமை சிறையில் கரைந்தது. அந்தக் குண்டுவெடிப்பு வழக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அப்துல் நாசர் மதானி 2007இல் விடுதலையானார். குண்டு வைத்தவன் பாவம் குண்டு வைக்காதவன் தலையிலும் விடியும். கொலை கொலைதான். 58 பேரின் குடும்பங்களிடம் நாம் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றுமில்லை.

இலங்கையையும் பாருங்கள், அது நம் மொழி பேசும் மக்களின் கதை. 2019 ஈஸ்டர் அன்று சஹ்ரானும் அவன் கூட்டாளிகளும் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வைத்து 260க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அந்த ஆளைப் பற்றி காத்தான்குடி முஸ்லிம்களே முன்பே புகார் கொடுத்திருந்தார்கள், யாரும் காது கொடுக்கவில்லை. அந்த நவம்பரிலேயே, நாட்டைப் பாதுகாப்பேன் என்ற வாக்குறுதியை முன்வைத்து கோத்தபய ராஜபக்ச ஜெயித்தார். அடுத்த வருடம் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடல் உட்பட, அடக்கம் செய்ய விடாமல் எரித்தார்கள். அஹ்னாப் ஜசீம் என்ற இளைஞர், பள்ளி ஆசிரியர், 'நவரசம்' என்று ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்பு போட்டிருந்தார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் இருந்தன. தமிழ் படிக்கத் தெரியாத போலீஸ்காரர்கள் அதைத் தீவிரவாத நூல் என்று சொல்லி 2020 மே மாதம் அவரைப் பிடித்துப் போனார்கள். பத்தொன்பது மாதம் கழித்துத்தான் ஜாமீன். 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. பாதுகாப்பு கொடுப்பேன் என்று சொன்னவர் 2022 ஜூலையில் நாட்டை விட்டே ஓடிப்போனார். ஓட்டுப் போட்ட சிங்கள மக்களுக்கு அப்போது சமையல் எரிவாயுகூடக் கிடைக்கவில்லை.

இனி இரண்டாவது தம்பிக்கு. மற்ற மதத்தாரின் சகவாசம் வேண்டாம் என்றாய். நபிகள் நாயகம் காலத்தில் மக்காவில் அடி தாங்க முடியாத முதல் முஸ்லிம்கள் எங்கே தஞ்சம் புகுந்தார்கள்? அபிசீனியாவில், நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னரிடம். நம் வரலாற்றின் முதல் அகதிகளைக் காத்தது வேறு மதத்தான் கை. 622இல் மதீனா போன பிறகு எழுதப்பட்ட உடன்படிக்கையில் யூதக் குலங்களும் ஒரு தரப்பு. அவரவர் மார்க்கம் அவரவருக்கு, ஊரைக் காப்பது எல்லாருக்கும் பொது என்பது அதன் சாரம். அந்த ஒப்பந்தம் பின்னர் முறிந்தது, இரத்தமும் சிந்தியது. அதையும் மறைக்காமல் படியுங்கள். ஆனால் பாதுகாப்பு என்றால் என்ன என்று முதன்முதலில் எழுதியபோது, அடுத்த வீட்டுக்காரனோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் எழுதினார்கள். போருக்கு முதலில் அனுமதி கொடுத்த வசனத்தை ஹஜ் அத்தியாயத்தில் எடுத்துப் பாருங்கள். காக்கப்பட வேண்டிய வணக்கத்தலங்களின் பட்டியலில் துறவிகளின் மடங்களும் தேவாலயங்களும் யூதர்களின் ஆலயங்களும் முன்னால் வருகின்றன. மஸ்ஜித் கடைசியில்தான் வருகிறது. எனக்கு ஒவ்வொரு முறை ஓதும்போதும் அந்த வரிசையில் மனம் நின்றுவிடும்.

உங்களில் பலர் கைப்பேசி ஸ்டேட்டஸில் திப்பு சுல்தான் படம் வைக்கிறீர்கள். நம் பாராமகால் 1792 வரை அவர் ஆட்சியில் இருந்த நிலம், எனக்கும் அவர் மேல் பற்று உண்டு. மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, மடத்தை மறுபடி எழுப்பப் பொருள் கொடுத்தவர் அவர். குடகிலும் மலபாரிலும் கட்டாய மதமாற்றம் செய்தவரும் அவர்தான். தனக்கு விசுவாசமானவர்களுக்கு ஒரு நீதி, எதிர்த்தவர்களுக்கு ஒரு நீதி. மன்னன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் கொடுக்கும் பாதுகாப்பு அவன் மனநிலையைப் பொறுத்தது. குடிமக்களுக்கு அதில் பாத்தியதை இல்லை.

வாசலில் நிற்கும் தாய்மார்களைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், எனக்கு அதுதான் மிகவும் வலித்தது. மஃரிப் தொழுகை முடிந்து நாம் செருப்பைத் தேடும்போது கேட்டுக்கு வெளியே அவர்கள் நிற்கிறார்கள். நெற்றியில் திருநீறோ குங்குமமோ, தோளில் காய்ச்சலில் துவண்ட குழந்தை. வெளியே வரும் ஒவ்வொருவரும் குனிந்து அந்தக் குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போகிறோம். சில தாய்மார்கள் கையில் செம்புத் தண்ணீர் இருக்கும், அதிலும் ஊதச் சொல்வார்கள். ரமலானில் அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசை நிற்கும். அண்டாவிலிருந்து அகப்பையால் கஞ்சி ஊற்றுகிறவர் யார் வீட்டு வாளி என்று பார்ப்பதில்லை. அந்தக் கஞ்சிக்கு அரசு 2001 முதல் கொடுத்துவரும் அரிசியும் எல்லா மதத்தார் வரிப்பணத்திலிருந்து வருவதுதான். ஊதினால் காய்ச்சல் போகுமா என்று மார்க்க விவாதம் செய்யுங்கள், வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. மருத்துவரிடமும் காட்டுங்கள் என்று அந்தத் தாயிடம் சொல்லுங்கள், நான் எப்போதும் சொல்கிறேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்த உலகத்தில் தனக்கு மிகவும் பிரியமான உயிரைத் தூக்கிக்கொண்டு வந்து, தாடி வைத்த முன்பின் தெரியாத முப்பது ஆண்களின் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள் ஒரு பெண். எந்த அரசாணையும் எந்தத் துப்பாக்கியும் நமக்கு வாங்கித் தர முடியாத நம்பிக்கை அது. அதை நம் கையாலேயே விரட்டிவிட்டு, பாதுகாப்பு எங்கே என்று தேடப் போகிறீர்களா?

நம் ஜமாஅத்துக்குள்ளேயும் கொஞ்சம் பாருங்கள். நிர்வாகிகள் தேர்தல் எத்தனை மஹல்லாவில் ஒழுங்காக நடக்கிறது? சந்தா கொடுக்கும் வீட்டின் பெண்களுக்கு அதில் ஓட்டு உண்டா? கணக்கை ஜும்ஆவுக்குப் பிறகு வாசிக்கிறார்களா? கேள்வி கேட்கும் உரிமையை நம் வீட்டில் கொடுக்காதவர்கள் அதை நாட்டிடம் கேட்டால் குரலில் வலு இருக்காது. இதற்காக முத்தவல்லிமார்கள் என்மேல் கோபப்பட்டால் படட்டும்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் உங்கள் அம்மா, அக்கா, தங்கை பெயர்களும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். மஃரிபுக்குப் பிறகு வாசலில் கடைசிக் குழந்தை போகும்வரை நில்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அரூர் வழியாக வாச்சாத்தி போகிறேன். அந்த ஆலமரத்தடியில் உட்கார்ந்து, அங்கே இருக்கும் பெரியம்மாக்கள் பேசினால் கேட்டுவிட்டு வரப் போகிறேன். பேசாவிட்டால் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். வர விரும்புகிறவர்கள் சுபுஹு தொழுதுவிட்டுத் தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். காணொளி காட்டிய தம்பி, நீ கட்டாயம் வா.

இப்படிக்கு,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்
தருமபுரி